குறுகலா, நீளமா

எங்கள் ஊரில் ஒரு மூச்சின் விலை பத்தொன்பது பைசா. முதலில் இருபத்திரண்டு என்றுதான் சொன்னார்கள். அந்த மூன்று பைசாவைப் பேரம் பேசி இறக்கியவன் நான்.

சிரிக்க வேண்டாம். ஒரு ஆள் ஒரு நாளைக்கு எத்தனை மூச்சு இழுக்கிறான் என்று எண்ணிப் பாருங்கள். அதை இருநூற்றுப் பன்னிரண்டு பேரால் பெருக்குங்கள். மூன்று பைசா எவ்வளவு பெரிய பணம் என்று அப்போது தெரியும்.

ஊரின் பெயர் அடிப்பட்டணம். மன்னார் வளைகுடாவில் படகேறி இரண்டு மணி நேரம் போய், அங்கிருந்து நேர் கீழே நாற்பது மீட்டர் இறங்க வேண்டும். மருந்துக்கான கடற்பாசி வளர்க்கிறோம். அது ஆழத்தில்தான் வளரும், ஆட்கள் கூடவே இருந்து பார்க்க வேண்டும். நான் நைனா முகமது, காயல்பட்டணத்துக்காரன். ஊரில் எல்லோருக்கும் நான் காக்கா, எங்கள் பக்கத்தில் அதற்கு அண்ணன் என்று அர்த்தம். ஊருக்கு என்ன வாங்கினாலும் என் கை வழியாகத்தான் வாங்க வேண்டும்.

காற்று வாங்குவதும் அதில் சேர்த்தி. மேலிருந்து குழாயில் காற்று வருவதில்லை. கடல் நீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவைப் பிரித்தெடுக்கிறோம், மீன் எடுப்பதுபோல. அந்த யந்திரத்துக்குப் பெயரும் செவுள்தான். ஆறு செவுள் பெட்டிகள், ஆறுக்கும் சேர்த்து ஒரே மோட்டார். பெட்டிக்குள் நிக்கல் நுரைத்தகடுகள் அடுக்கியிருக்கும். உலோகத்தை உருக்கிப் பொங்கவைத்து, பொங்கினபடியே உறையவிட்டது. பார்வைக்குப் பாத்திரம் தேய்க்கிற பஞ்சு மாதிரி இருக்கும், ஊரில் கூப்பிடுவதும் பஞ்சு என்றுதான். விலையைக் கேட்டால் எடுத்த கை தானாகக் கீழே வைத்துவிடும். பெட்டிக்கு எட்டுத் தகடு. கடையிலேயே அடுக்கி, முத்திரை வைத்து அனுப்புவார்கள். ஒருமுறை திறந்துவிட்டால் அந்தப் பெட்டி குப்பைக்குத்தான்.

போன வருடம் ஆறு பெட்டியையும் புதிதாக மாற்றினோம். வாங்கி வந்தது நான். மூச்சுக்கு மூன்று பைசா குறைந்தது அந்தப் பேரத்தில்தான்.

இவாஞ்சலின் என்னைக் கூப்பிட்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தேநீர் நேரத்தில். நாசரேத்துப் பெண், ஊரின் நீர்க்கணக்கு இன்ஜினியர். கடல் நீர் பஞ்சுக்குள் எப்படி நுழைந்து, எந்தெந்த வழியாக வளைந்து, எப்படி வெளியேறும் என்பதைச் சமன்பாடாக எழுதி, கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பது அவள் வேலை. ‘இவா கணக்கு’ என்று சொல்வார்கள். இவா கணக்கு இதுவரை தப்பியதில்லை. அதுதான் தொந்தரவு.

அறையில் பிரகாசியும் இருந்தாள். புன்னைக்காயல்காரி, பாசித் தோட்டத்தில் முங்கி வேலை பார்ப்பவள். நாலு மாதம் முழுகாமல் இருந்ததால் இப்போது அவளுக்குக் கரை வேலை, அதாவது கூரைக்குள் வேலை. ஏழு வருடம் கழித்து உண்டான பிள்ளை. எப்போதும் என்னைக் கண்டால் ஏதாவது வம்புக்கு இழுப்பாள். அன்றைக்கு இழுக்கவில்லை.

“காக்கா, உட்காருங்க. இந்தப் பஞ்சை என்ன விலைக்கு வாங்கினீங்க?” என்றாள் இவாஞ்சலின்.

வியாபாரியிடம் ஒருவர் வாங்கின விலையைக் கேட்டால், அடுத்து வரப்போவது நல்ல செய்தி இல்லை.

“படியுற விலைக்குத்தான்.”

“அதான் இப்ப சேறு படியுது.”

எனக்குப் புரியவில்லை. அவள் திரையைத் திருப்பினாள்.

“போன மாசம் ஆறு செவுளுக்கும் மீட்டர் மாட்டினோம்ல. அஞ்சு செவுள்ல தண்ணி கம்மியா போகுது. எட்டுத் தகட்டுக்கு என் கணக்கு ஒரு அளவு சொல்லுது, மீட்டர் அதைவிடக் கம்மியா காட்டுது. அப்படின்னா ஓட்டையெல்லாம் அடைஞ்சுக்கிட்டு வருது. ஒரு வருஷத்துல இவ்வளவுன்னா, மேற்கொண்டு எப்படிப் போகும்னு ஒரு கோடு இழுத்துப் பார்த்தேன். இன்னும் நாலு மாசம். அதுக்கு மேல மோட்டார் தாங்காது.”

“புதுப் பஞ்சு வாங்கிருவோம்.”

“செஞ்சு வர ஆறு மாசம். நீங்கதான் போன தடவை சொன்னீங்க.”

“ஆறாவது செவுள்?”

“அது நல்லா இருக்கு. பாறைப் பக்கம் இருக்குல்ல, அங்க தண்ணி தெளிவு. மத்த அஞ்சும் சேத்துப் பக்கம். எல்லாம் பொருந்தி வருது காக்கா.”

பொருந்தி வருகிற கணக்கை நான் எப்போதும் இன்னொரு தரம் கூட்டிப் பார்ப்பேன். ஆனால் அவள் இன்ஜினியர், நான் சாமான் வாங்குகிறவன்.

“ரெண்டு செவுள் நின்னா ஊரைக் காலி பண்ணணும்னு மேலே விதி,” என்றாள். “அதனால இப்பவே ஆறு ஆறு பேரா அனுப்பச் சொல்லிட்டாங்க. முதல் தொட்டி திங்கட்கிழமை.”

தொட்டி என்றால் அழுத்தத் தொட்டி. கீழே இருக்கிற எங்கள் உடம்பில் கடலின் எடை ஊறியிருக்கிறது. சட்டென்று மேலே போக முடியாது. தொட்டியில் உட்காரவைத்து நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அந்த அழுத்தத்தை இறக்குவார்கள்.

“முதல் தொட்டியில யாரு?” என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

“நான்தான்,” என்றாள் பிரகாசி. “டாக்டர் சொல்லிட்டாரு. மேலே போறப்ப ரத்தத்துல குமிழி கட்டுமாம். நமக்கு நுரையீரல் வடிகட்டிரும். உள்ளே இருக்கிறவனுக்கு அது இன்னும் வேலைக்கு வரல. சீக்கிரம் போனா கொஞ்சம் நல்லதாம். கொஞ்சம்னா எவ்வளவுன்னு கேட்டேன். பாதிக்குப் பாதின்னாரு.”

“பிள்ளை பொறக்கிற வரைக்கும் இருந்துட்டு, அவனும் வளர்ந்தப்புறம் மெதுவா...”

“பஞ்சு நாலு மாசம். பிள்ளைக்கு அஞ்சு மாசம். ஒரு மாசம் இடிக்குது காக்கா. நீங்க பேரம் பேசுறதுல கெட்டி. இதைக் கொஞ்சம் பேசிப் பாருங்களேன்.”

வம்புக்கு இழுக்கிறாள் என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தேன். அவள் கண் சிரிக்கவில்லை.

பேசித்தான் பார்த்தேன். மேலே இருக்கும் நிர்வாகத்துக்குப் போன் போட்டு, ஒரு செவுள் நன்றாக இருக்கிறதே, டாக்டரோடு முப்பது பேரை மட்டும் விட்டுவையுங்கள் என்றேன். விதி இடம் தராது என்றார்கள். இருபது பேர் என்றேன். விதி இடம் தராது என்றார்கள். எதிராளி ஒரு பைசாவாவது அசைந்தால்தான் அது பேரம். இவர்கள் சுவர்.

மதியத்துக்குள் ஊர் முழுக்கப் பேச்சு பரவிவிட்டது. சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்றவன், என் காதில் விழட்டும் என்றே பக்கத்து ஆளிடம் சொன்னான். “காக்கா மூணு பைசா மிச்சம் பிடிச்சாருல்ல. அந்த மூணு பைசாதான் இப்ப அடைச்சிருக்கு.”

எங்கள் வாப்பா காயல்பட்டணத்தில் ரத்தினக்கல் வியாபாரம் செய்தவர். நான் நடை பழகியது கடைக்குள். ஒரு பொருளின் விலையைக் குறைத்து வாங்கினேன் என்றால் பெருமைப்படுவேன். மட்டச் சரக்கு வாங்கினேன் என்று சொன்னால், அது என் சோற்றில் மண் போடுவது. தட்டை அப்படியே வைத்துவிட்டு நேரே போன் அறைக்குப் போனேன்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கீழே காற்றில் ஹீலியம் கலந்திருக்கும். எங்கள் எல்லோருக்கும் குரல் கீச்சுக் கீச்சென்றுதான் வரும். எங்களுக்குப் பழகிவிட்டது. நிர்வாகத்துப் போனில் குரலைச் சரிசெய்கிற பெட்டி உண்டு. வெளிப்போனில் கிடையாது.

“அண்ணாச்சி, நான் நைனா முகமது பேசுறேன்.”

“யாரு பாப்பா? அப்பா இல்லையா?” என்றார் எனக்குப் பஞ்சு விற்ற விருதுநகர் சங்கரலிங்கம் அண்ணாச்சி.

“பாப்பா இல்ல அண்ணாச்சி, நைனா. அடிப்பட்டணம் நைனா.”

“அட, பாயா. என்ன பாய், அணில் மாதிரி பேசுறீங்க.”

கோபத்தைக் கீச்சுக் குரலில் காட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். “உங்களை நம்பி வாங்கினேன். ரெண்டு நாள் உங்க கடையில உட்கார்ந்து, உங்க வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டு வாங்கினேன். இப்படி மட்டமான சரக்கைத் தலையில கட்டிட்டீங்களே. தண்ணி போக மாட்டேங்குது. ஊரையே காலி பண்ணச் சொல்றாங்க.”

 அண்ணாச்சி பேசினார், குரலை ஏற்றாமல். அவர் உண்மையாகவே கோபப்பட்டால் அப்படித்தான்.

“பாய், அன்னிக்கு நீங்க கடைசியா இன்னும் அஞ்சு சதவீதம் இறக்கச் சொல்லி நின்னீங்க. நான் இறக்கல. ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“நீங்க மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போனீங்க. எனக்கு மனசு கேக்கல. விலையில அதுக்கு மேல நான் இறங்க மாட்டேன், சரக்குல ஏறுவேன். பெட்டிக்கு ஒரு தகடு கொசுறு போட்டு அனுப்பினேன். ஒன்பது தகடு. ஆறு பெட்டிக்கும். அதை வாங்கிக்கிட்டு ஒரு நன்றி சொல்லல, இப்ப மட்டச் சரக்குங்கிறீங்க.”

“கொசுறா?”

“கறிவேப்பிலைக்காரி குடுத்தா வாங்கிக்கிடுவீங்க, நான் குடுத்தா கசக்குதா?”

“பில்லுல இல்லையே அண்ணாச்சி.”

“கொசுறுக்குப் பில் போட்டா அதுக்கு நான் வரி கட்டணும். கட்டினா அது கொசுறு இல்ல, வியாபாரம்.”

போனை வைத்துவிட்டு நான் ஓடினேன். நாற்பத்தெட்டு வயதுக்கு அது ஓட்டம்தான்.

இவாஞ்சலின் முழுதாகக் கேட்டாள். அவள் முகம் முதலில் மலர்ந்தது, பிறகு சுருங்கியது.

“இல்ல காக்கா. ஆறு பெட்டிக்கும் ஒன்பதுன்னா ஆறும் மெதுவா போகணும். ஆறாவதுல சரியா எட்டுத் தகட்டுக்கு உண்டான தண்ணி போகுது. அவர் சும்மா சமாளிக்கிறாரு.”

“சங்கரலிங்கம் அண்ணாச்சி விலை ஏத்திச் சொல்லுவாரு. பொய் சொல்ல மாட்டாரு.”

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?”

“விலை சொல்றது வியாபாரம். அதைப் பொய்னு எடுத்துக்கிட்டா நீ எப்படிக் கத்திரிக்காய் வாங்குவ?”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நான் திரும்பப் போய் மறுபடி போன் போட்டேன். ஆறாவது பெட்டியைப் பற்றிக் கேட்டேன். அண்ணாச்சி, “இருங்க,” என்று போனை மேசையில் வைத்தார். கடைக்குள் யாரையோ கூப்பிடுவது கேட்டது. பிறகு சத்தம். “பில்லைப் பார்த்து அடுக்கினியா? எட்டுன்னா எட்டா? நான் சொன்னது காதுல விழலியா?” வெகுநேரம் திட்டிவிட்டுப் போனுக்கு வந்தார்.

“பாய், தப்பு என்மேலதான். அஞ்சு பெட்டி நான் நின்னு அடுக்கினேன். ஆறாவது அடுக்கும்போது ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டேன். மருமகன் அடுக்கியிருக்கான். எம்.பி.ஏ. படிச்ச பிள்ளை. பில்லுல எட்டுன்னா அவனுக்கு எட்டுதான். உங்களுக்கு ஒரு தகடு நான் பாக்கி.”

இதைப் போய்ச் சொன்னதும், இந்தத் தடவை இவாஞ்சலின் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பிரகாசி வாசலில் நின்றிருந்தாள், எப்போது வந்தாளோ.

“இவா, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு,” என்றேன். “அஞ்சு செவுள்லயும் எவ்வளவு குறையுது?”

“சராசரியா தண்ணி போற சிரமம் எட்டுல ஒரு பங்கு கூடியிருக்கு.”

“சராசரி வேண்டாம். ஒவ்வொண்ணுலயும்?”

திரையைப் பார்த்தாள். “எட்டுல ஒண்ணு. எட்டுல ஒண்ணு. இதுலயும் அதேதான்...” பேச்சு நின்றது.

“சேறு இவ்வளவு நியாயமா பங்கு போடுமா? அண்ணன் தம்பியே போட மாட்டான்.”

“நான் ரெண்டு புள்ளியை வச்சுக் கோடு இழுத்தேன் காக்கா,” என்றாள் மெதுவாக. “ஒரு புள்ளி மீட்டர். இன்னொரு புள்ளி உங்க பில்லு. தகடு எட்டுங்கிறது மாறவே மாறாதுன்னு எழுதிட்டேன். தகடு குறைஞ்சா கண்டுபிடிக்க வழி வச்சிருக்கேன். கூடும்னு யாரு நினைப்பா?”

“அப்ப சரியாப் போச்சுல்ல?” என்றாள் பிரகாசி.

“போகல. ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். பஞ்சு அடைஞ்சிருந்தாலும் தண்ணி சிரமப்படும், தடிமன் கூடியிருந்தாலும் சிரமப்படும். அதைப் பிரிச்சுப் பார்க்கணும்.” அவள் எழுந்து நின்றாள். “காக்கா, ஒரு கடைத்தெருவை நினைச்சுக்கோங்க. தீபாவளிக் கூட்டம். தெருவைக் கடக்க வழக்கத்தைவிட நேரமாகுது. ஏன்?”

“கூட்டம்.”

“கூட்டம் எப்பவும் உள்ளதுதான். ரெண்டு காரணம் இருக்கலாம். ரெண்டு பக்கமும் கடைக்காரன் சாமானை வெளியே அடுக்கித் தெரு குறுகிப்போயிருக்கும். இல்லாட்டித் தெரு அதே அகலம்தான், நாலு கடை கூடுதலா கட்டி நீளமாக்கியிருப்பான். வெளியே நின்னு கடிகாரத்தைப் பார்த்தா ரெண்டுக்கும் ஒரே பதில்தான். நேரமாகுது, அவ்வளவுதான்.”

“சரி.”

“ஆனா தெருவுக்குள்ள ரெண்டு விதமான சிரமம் இருக்கு. மெதுவா நடந்தா உரசுற சிரமம். வேகமா ஓடினா வளைவுக்கு வளைவு மோதுற சிரமம். தெரு குறுகினா உரசுறது நிறைய கூடும், மோதுறது அவ்வளவு கூடாது. தெரு நீண்டா ரெண்டும் ஒரே அளவு கூடும். அப்ப என்ன செய்யணும்? ஒருக்கா ஓடிப் பார்க்கணும், ஒருக்கா நடந்து பார்க்கணும். ஓடுறதுக்கு என்கிட்ட கணக்கு இருக்கு. நடக்கவிட்டு யாரும் பார்க்கல.”

“மோட்டாரைப் பாதி வேகத்துல ஓட்டணும்,” என்றாள் பிரகாசி.

“ஆமா. ஒரு மணி நேரம். பாதி வேகத்துலயும் அதே எட்டுல ஒண்ணுன்னா, நீளம். ஒன்பது தகடு. அதுக்கு மேல எகிறிச்சுன்னா, குறுகல்.”

“குறுகலா இருந்தா?”

இவாஞ்சலின் திரும்ப உட்கார்ந்தாள். “மெதுவா ஓட்டுறப்ப சேறு உள்ளேயே தங்கிரும். நிஜமாவே அடைச்சுக்கிட்டு வர்ற பஞ்சுன்னா, இந்த ஒரு மணி நேரம் நம்மகிட்ட இருந்து ஒரு மாசத்தைத் தின்னுரும். எல்லாரையும் அவசரமா மேலே ஏத்தணும். தொட்டியில நிதானமா அழுத்தத்தை இறக்க நேரம் இருக்காது. உன்னையும்தான்.”

பாதிக்குப் பாதி என்பது அதற்கும் கீழே போகும் என்று அவள் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

 என் பெயர் சுத்தமாகிறதா என்பதற்காக இந்தப் பெண்ணின் வயிற்றைப் பணயம் வைக்கச் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. பிரகாசி என்னைத்தான் பார்த்தாள்.

“காக்கா, அந்த அண்ணாச்சி முதல்ல ஆறுன்னு சொன்னாரு. அப்புறம் அஞ்சுன்னு மாத்திக்கிட்டாரு, என்ன?”

“ஆமா.”

“நீங்க ஆறாவது நல்லா ஓடுதுன்னு சொன்னீங்களா, மோசமா ஓடுதுன்னு சொன்னீங்களா?”

யோசித்துப் பார்த்தேன். “ஒண்ணும் சொல்லல. ஆறாவதுல என்ன வச்சீங்கன்னு மட்டும் கேட்டேன்.”

“பொய் சொல்றவரா இருந்தா ஆறுலயும் வச்சேன்னுதான் நின்னிருப்பாரு. தன் மருமகனைத் திட்டி, தனக்கு ஒரு தகடு பாக்கியை இழுத்துக்கிட்டாருன்னா அது உள்ளதுதான்.” அவள் இவாஞ்சலின் பக்கம் திரும்பினாள். “நடக்கவிட்டுப் பார்ப்போம்.”

மேலிடத்தில் கேட்கவில்லை. கேட்டால் விதி இடம் தராது.

மறுநாள் நண்பகலில் ஊரெல்லாம் படுத்துக்கொண்டது. பாதிக் காற்றில் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும் என்றால் யாரும் அசையக் கூடாது, பேசக் கூடாது. சமையலறை அடுப்பு அணைந்தது. பாசிக்காரர்கள் நடைபாதையில் பாயை விரித்துப் படுத்தார்கள். முந்தின நாள் வரிசையில் என்னைக் குத்திப் பேசினவன் எனக்குப் பக்கத்துப் பாயில் கிடந்தான். மூச்சைச் சிக்கனமாக இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். பேச முடியாத நேரத்தில்தான் எனக்கு நல்ல நல்ல பதிலாகத் தோன்றியது.

மோட்டாரின் சத்தம் இறங்கியது. அந்தச் சத்தம் எப்போதும் இருப்பதால் அது இருப்பதே எங்களுக்குத் தெரியாது. இறங்கினபோதுதான் தெரிந்தது, இத்தனை நாளும் எங்களுக்குப் பதிலாக ஒன்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது என்று. நெஞ்சு கனத்தது. கூரைக்கு மேலே கடல் ஒருதரம் முனகினதுபோல இருந்தது. பிரகாசி சுவர் ஓரமாக ஒருக்களித்துப் படுத்து, வயிற்றில் கை வைத்திருந்தாள்.

ஒரு மணி நேரத்தில் எத்தனை மூச்சு, எத்தனை பத்தொன்பது பைசா என்று எண்ணப் பார்த்தேன். பாதியில் கணக்கு விட்டுப்போனது. எனக்குக் கணக்கு விட்டுப்போனது அன்று ஒருநாள்தான்.

மோட்டார் மறுபடி ஏறியது. யாரும் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் இவாஞ்சலின் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தோம். அவள் வெளியே வந்தாள். கதவருகிலேயே தரையில் உட்கார்ந்தாள்.

“எட்டுல ஒண்ணு,” என்றாள். “அஞ்சுலயும். எகிறவே இல்ல.”

“அப்படின்னா?” என்றான் பக்கத்துப் பாய்க்காரன்.

“தெரு நீளம்ப்பா. குறுகல. ஒரு நூல்கூடக் குறுகல. சேறே இல்ல. பஞ்சு கடையில இருந்து வந்த மாதிரி இருக்கு.”

அதன் பிறகு எழுந்த சத்தம் இருக்கிறதே, இருநூறு பேர் கீச்சுக் குரலில் ஒரே நேரத்தில் பேசினால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மரத்தில் கிளிக்கூட்டம் அடைந்ததுபோல. யாரோ அடுப்பைப் பற்றவைத்தார்கள். பிரகாசி எழுந்து உட்கார்ந்து முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். என்னைப் பார்த்து, “ஒரு மாசம் கேட்டேன். நீங்க எவ்வளவு பேசி முடிச்சிருக்கீங்க காக்கா?” என்றாள். வம்பு திரும்பி வந்துவிட்டது.

“அஞ்சு வருஷம் தாங்கும் இந்தப் பஞ்சு,” என்றாள் இவாஞ்சலின். “அதோட தகடு கூடினா காத்தும் கூடுதலா பிரியும். எட்டுத் தகடுன்னு நினைச்சு ஊருக்கு இருநூத்துப் பன்னிரண்டு பேர்னு வரம்பு போட்டேன். இன்னும் பதினெட்டு பேருக்குக் காத்து இருக்கு. இவ்வளவு நாளும் நமக்குத் தெரியாமலே மிச்சமா வந்திருக்கு.”

பக்கத்துப் பாய்க்காரன் எனக்கு ஒரு தேநீர் கொண்டுவந்து கொடுத்தான். மன்னிப்புக் கேட்கவில்லை. தேநீரில் சர்க்கரை ஒரு கரண்டி கூடுதலாக இருந்தது. கணக்கு நேராகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

நிர்வாகம் மட்டும் லேசில் விடவில்லை. பில்லில் எட்டு இருக்க, கணக்கில் ஒன்பது எப்படி வரும் என்று எழுதிக் கேட்டது. ஒன்பதாவது தகட்டுக்கு ரசீது அனுப்பச் சொன்னது. ரசீது இல்லாத பொருள் இருக்க முடியாது என்பது அவர்களுடைய இயற்பியல். இவாஞ்சலின் நாலு நாள் மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் சமன்பாட்டிலேயே ஒரு புது எழுத்தைச் சேர்த்து அனுப்பினாள். தடிமனுக்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி, அதன் பக்கத்தில் ‘கொ’. அடியில் விளக்கம்: கொ என்பது விற்பவர் மனமுவந்து சேர்த்த அளவு. சமன்பாட்டில் இருப்பதை நிர்வாகம் கேள்வி கேட்காது. ஒப்புக்கொண்டது. அதே கணக்கை வேறு கடலடி ஊர்க்காரர்களும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ஜப்பான் பக்கத்திலிருந்து ஒருவர், இந்த கொ எந்த விஞ்ஞானியின் பெயர் என்று கேட்டு எழுதியிருந்தார்.

இவாஞ்சலினுக்கு ஆசை விடவில்லை. ஊரில் இருக்கிற மற்ற நுரைப் பொருளுக்கெல்லாம் கொ எவ்வளவு என்று கண்டுபிடிக்க உட்கார்ந்தாள். சுவருக்குள் இருக்கும் குளிர் தடுக்கும் நுரை, நிர்வாகமே நேரடியாக, பேரமே பேசாமல், ஒரு பெரிய கம்பெனியிடம் வாங்கியது. அதற்குக் கொ கழித்தலில் வந்தது. இத்தனை வருடம் நாங்கள் ஏன் குளிரில் நடுங்கினோம் என்று அன்றைக்குத் தெரிந்தது. அதன்பிறகு ஊருக்கு எது வாங்கினாலும் என் கை வழியாகத்தான் என்று நிர்வாகமே விதி எழுதியது.

விருதுநகருக்கு ஒரு பெட்டி நல்ல கருவாடு அனுப்பிவைத்தேன். அண்ணாச்சி போன் செய்தார். “ஆறாவது பெட்டிக்கு உண்டான தகட்டை அனுப்புறேன் பாய், பாக்கி வச்சுக்கப் பிடிக்கல.”

“வேண்டாம் அண்ணாச்சி. திறந்தா பெட்டி போயிரும். அடுத்த சரக்குல பார்த்துக்கலாம்.”

“அடுத்த சரக்குலயும் அஞ்சு சதவீதம் கேப்பீங்களா?”

“பத்து கேப்பேன்.”

“தர மாட்டேன்,” என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு வைத்தார்.

பிரகாசிக்கு ஆண் பிள்ளை பிறந்தது, ஒரு முற்பகலில், கூரைக்குள்ளேயே. முதல் அழுகையே கீச்சுக் குரலில்தான். ஞானஸ்நானப் பெயர் நீளமாக ஒன்று வைத்திருக்கிறார்கள். ஊரில் யாரும் அதைச் சொல்வதில்லை. தவழ்ந்து என் கிடங்குக்குள் வந்தால், “ஏ கொசுறு, அதைத் தொடாத,” என்றுதான் சொல்கிறோம். திரும்பிப் பார்க்கிறான்.

மாதக் கடைசியில் நிர்வாகத்துக்குத் தலைக்கணக்கு அனுப்புவதும் என் வேலைதான். மூச்சுக்குப் பத்தொன்பது பைசா வீதம் அவர்கள் பிடிப்பது அந்தக் கணக்கைப் பார்த்துத்தான். பில் இல்லாமல் வந்த காற்றுக்கு நான் பில் போடுவதாக இல்லை. போன மாதம் இப்படி எழுதினேன்:

தகடு: விலைக்கு நாற்பத்தெட்டு, மேலே ஐந்து.
அண்ணாச்சி எனக்குப் பாக்கி: ஒரு தகடு. நான் அண்ணாச்சிக்குப் பாக்கி: எழுதி முடியாது.
தலை: இருநூற்றுப் பன்னிரண்டு.
கொ: ஒன்று.